சொந்த போனில் கம்பெனி மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடி பிரிவில் வேலை செய்பவர்களும், ஐடி பிரிவே இல்லாத சிறு நிறுவனங்களை நடத்துபவர்களும், "என் போனில் கம்பெனி எதற்குக் கை வைக்கிறது?" என்று வருந்தும் ஊழியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயில் நிறுவனத்துடையது, போன் ஊழியருடையது. கட்டுப்பாடு மெயிலோடு நிற்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவைதான்.

சொந்த போனில் மெயிலே கிடையாது என்று ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் என்ன?

தடுக்கலாம். சர்வரில் ஓர் அமைப்பை மாற்றினால் முடிந்தது. ஆனால் வாடிக்கையாளரின் பதிலுக்காக மாலை முழுக்கக் காத்திருக்கும் விற்பனையாளர் சும்மா இருக்கமாட்டார். அலுவலக மெயில் தன் சொந்த மெயிலுக்குத் தானாகப் போகும்படி ஃபார்வர்டு போட்டுக்கொள்வார். அல்லது இணைப்புக் கோப்பை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வார். அவர் கெட்டவர் இல்லை, வேலையை முடிக்கப் பார்க்கிறார். விளைவு என்னவென்றால், முன்பு உங்கள் கண்ணெதிரே இருந்த தகவல் இப்போது நீங்கள் எட்டவே முடியாத இடத்தில் கிடக்கிறது. அவருடைய கணக்கை நாளை முடக்கினாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

முழுத் தடை சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. நோயாளிகளின் விவரங்கள், வழக்கு ஆவணங்கள், சம்பளப் பட்டியல் போன்றவற்றைக் கையாளும் பிரிவுகளை அப்படி வைக்கலாம். அங்கே வெளியில் இருக்கும்போதும் மெயில் தேவை என்றால் நிறுவனமே போன் வாங்கித் தர வேண்டும். தடையும் போட்டுவிட்டு, இரவில் "மெயில் பார்க்கவில்லையா?" என்று கேட்பது நியாயம் ஆகாது.

எந்தெந்த போனுக்கு மெயில் போகிறது என்று எங்களுக்கே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான நிறுவனங்களின் நிலை இதுதான். ஒரு காலத்தில் பிளாக்பெரி இருந்தது. போனும் நிறுவனத்துடையது, அதற்கான சர்வரும் நிறுவனத்துடையது, பட்டியலும் கையில் இருந்தது. 2008இல் ஐபோனில், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சோடு போனை இணைக்கும் ஆக்டிவ்சிங்க் என்ற முறை வந்தபின், மெயில் முகவரியும் கடவுச்சொல்லும் தெரிந்த எவரும் தம் போனில் தாமே மெயிலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் இன்றும் இயல்பான அமைப்பு எல்லாக் கருவிகளையும் அனுமதிப்பதுதான்.

பட்டியல் சர்வரிலேயே இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு அஞ்சல்பெட்டியோடும் சேர்ந்த கருவிகளின் வகை, அடையாள எண், கடைசியாக இணைந்த தேதி எல்லாவற்றையும் வைத்திருக்கும். கூகுளின் நிறுவன மெயில் சேவையான ஒர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கத்திலும் கருவிகள் என்று தனிப் பகுதி உண்டு. அதை எடுத்துப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் போன்கள், மாதக்கணக்கில் தொடர்பே கொள்ளாத பழைய போன்கள், ஒரே ஆள் பெயரில் நான்கைந்து கருவிகள் என்று பலவும் தென்படும். எண்ணிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரே போனில் இரண்டு மெயில் ஆப் இருந்தால் அவை இரண்டு கருவிகளாகப் பதிவாகலாம். நெடுநாள் தொடர்பில்லாதவற்றை நீக்குங்கள், மீதியை உரியவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

முதலில் எதைச் செய்ய வேண்டும்? ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது.

பழைய வாசல்களை மூடுங்கள். எத்தனை விலை கொடுத்து எந்த மேலாண்மை மென்பொருள் வாங்கினாலும், பாப், ஐமேப் இரண்டும் திறந்திருந்தால் அத்தனையும் வீண். அவை மெயிலை இறக்கித் தருவதற்கான பழைய நெறிமுறைகள். கேட்பது போனா, கணினியா, அதில் லாக் இருக்கிறதா என்ற விசாரணை அவற்றில் கிடையாது. பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் அனுப்பி உள்ளே வரும் முறைக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் பொருந்தாது. இந்தக் காரணத்தால்தான் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல், தானே இணையத்தில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அந்த முறையை நிறுத்தத் தொடங்கியது. உங்கள் மெயில் சொந்த சர்வரில் ஓடுகிறது என்றால் அதை யாரும் உங்களுக்காக நிறுத்தித் தர மாட்டார்கள். நீங்களே போய் மூட வேண்டும்.

மூடுவதற்கு முன் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பும் பழைய எந்திரம், புகார்களைப் பதிவு செய்யும் டிக்கெட் மென்பொருள் போன்றவை அந்த வழியை நம்பியிருக்கும். அவற்றுக்கு மட்டும் தனிக் கணக்கில் விலக்கு கொடுங்கள், மற்ற எல்லா அஞ்சல்பெட்டிகளிலும் அணைத்துவிடுங்கள். வெளி முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆவதையும் அதே நாளில் நிறுத்துங்கள். அதுவும் ஒரு வாசல்தான்.

ஆக்டிவ்சிங்க் பாலிசியில் பின் எண் (போனைத் திறக்கும் ரகசிய எண்) கட்டாயம், குறியாக்கம் (திறக்காமல் தகவலைப் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) கட்டாயம் என்று போட்டிருக்கிறோம். அது போதாதா?

இல்லாததற்கு அது மேல். ஆனால் அதன் பலவீனம் தெரிந்திருக்க வேண்டும். "உன்னிடம் இந்த விதிகள் இருக்கின்றனவா?" என்று சர்வர் கேட்கிறது. போனில் உள்ள ஆப் "இருக்கின்றன" என்கிறது. சர்வர் அதை நம்பிக் கதவைத் திறக்கிறது. உண்மையா என்று சரிபார்க்கும் வழி அந்த நெறிமுறையில் இல்லை. நல்ல ஆப்கள் விதியைப் பின்பற்றும். விதி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்பற்றாத ஆப்களும் உண்டு.

குவாரன்டைன் என்கிறார்களே, அது என்ன?

எக்ஸ்சேஞ்ச் 2010இல் வந்த வசதி. புதிய போன் ஒன்று இணைந்ததும் அனுமதி, தடை என்ற இரண்டோடு "காத்திரு" என்ற மூன்றாவது நிலையும் உண்டு. அந்த நிலையில் மெயில் எதுவும் போனுக்கு இறங்காது. போன் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற ஓர் அறிவிப்பு மட்டும் பயனருக்கு வரும், அட்மினுக்கும் தகவல் போகும். அவர் பார்த்து அனுமதித்த பிறகே மெயில் வரும். தனியாக எதுவும் வாங்க முடியாத சிறு நிறுவனத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஐம்பது, நூறு பேர் வரை ஒரு மனிதரே பார்த்துச் சமாளிக்கலாம். அந்த அறிவிப்பில் வரும் வாசகத்தை மாற்றி எழுத முடியும். யாரை அழைக்க வேண்டும், எத்தனை நேரத்தில் பதில் வரும் என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே அடங்கிவிடும்.

எம்டிஎம், எம்ஏஎம் இரண்டில் எது வேண்டும்?

எம்டிஎம் என்பது போனையே நிர்வகிப்பது. நிறுவனத்தின் நிர்வாகச் சான்று போனில் ஏறும், விதிகள் முழுப் போனுக்கும் பொருந்தும். எம்ஏஎம் என்பது ஆப்பை மட்டும் நிர்வகிப்பது. போன் பதிவு செய்யப்படாது. அவுட்லுக் போன்ற மெயில் ஆப்புக்குள் நிறுவனக் கணக்கு நுழைந்ததும் விதிகள் அந்தக் கணக்கின் மீது மட்டும் வந்து உட்காரும். ஆப்பைத் திறக்கத் தனிப் பின் எண், மெயிலிலிருந்து நகலெடுத்துச் சொந்த ஆப்பில் ஒட்டத் தடை, இணைப்பைப் போனின் சேமிப்பகத்தில் இறக்கத் தடை, பாதுகாப்பை உடைத்த போனில் ஆப்பே திறக்காமல் இருப்பது ஆகியவை இதில் அடக்கம்.

நிறுவனம் வாங்கித் தந்த போனுக்கு எம்டிஎம். ஊழியரின் சொந்தப் போனில் மெயிலும் காலண்டரும் மட்டும்தான் தேவை என்றால் எம்ஏஎம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒருவர் தன் பணத்தில் வாங்கி, குழந்தைகளின் படங்களையும் வங்கி ஆப்பையும் மருத்துவ அறிக்கைகளையும் வைத்திருக்கும் போனில், மெயில் பார்ப்பதற்காக முழு நிர்வாக உரிமையைக் கேட்பது தேவைக்கு மிஞ்சியது. நிறுவனத்துக்கே அது பொறுப்புச் சுமை.

எம்ஏஎம் மட்டும் போட்டால் வேலை முடிவதில்லை. விதிகள் இல்லாத வேறொரு மெயில் ஆப்பில் அதே கணக்கைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் என்ன பயன்? ஆகவே பாதுகாப்பு விதி பொருந்திய ஆப்பிலிருந்து வந்தால் மட்டுமே மெயில் கிடைக்கும் என்று உள்நுழைவு அடுக்கிலும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டில் இதற்குக் கண்டிஷனல் ஆக்ஸஸ் என்று பெயர். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் அமைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் நிறுவனங்கள் நிறைய.

ஆண்ட்ராய்டின் ஒர்க் புரொஃபைல் எப்படி?

மிக நல்ல ஏற்பாடு. 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 உடன் வந்தது. ஒரே போனுக்குள் அலுவலகத்துக்குத் தனி அறை கட்டிக் கொடுத்தது போல. அலுவலக ஆப்களின் ஐகானில் சிறு கைப்பெட்டிச் சின்னம் இருக்கும். அந்தப் பக்கத்து ஆப்கள் இந்தப் பக்கத்துக் கோப்புகளைத் தொட முடியாது. நிறுவனம் புரொஃபைலை நீக்கினால் அந்தப் பகுதி மட்டும் அழியும், சொந்தப் படங்கள் அப்படியே இருக்கும். ஊழியருக்குப் பிடித்த வசதி இன்னொன்று: வேலை முடிந்ததும் புரொஃபைலை அணைத்துவிடலாம், மறுநாள் காலைவரை மெயில் அறிவிப்பே வராது.

ஐபோனில்?

ஐஓஎஸ் 13 உடன் 2019இல் ஆப்பிள், யூசர் என்ரோல்மென்ட் என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தது. சொந்தப் போன்களுக்காகவே செய்தது. நிறுவனத் தகவல் தனிக் குறியாக்கப் பகுதியில் இருக்கும். நிறுவனத்தால் முழுப் போனையும் அழிக்க முடியாது, வரிசை எண்ணோ போனை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்ணோ பார்க்க முடியாது, சொந்த ஆப்களின் பட்டியலும் தெரியாது. பழைய முறையில் முழுமையாகப் பதிவு செய்த ஐபோனில் இவை எல்லாம் சாத்தியம். எனவே உங்கள் நிறுவனம் எந்த முறையில் பதிவு செய்கிறது என்று ஊழியர் கேட்பதும், அட்மின் நேராகப் பதில் சொல்வதும் அவசியம்.

என் படங்களை, மெசேஜ்களைக் கம்பெனி பார்க்குமா? நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியுமா?

ஆப்பை மட்டும் நிர்வகிக்கும் முறை, ஒர்க் புரொஃபைல், யூசர் என்ரோல்மென்ட் ஆகிய மூன்றிலும் உங்கள் படங்களும் வாட்ஸ்அப் மெசேஜ்களும் அழைப்புப் பட்டியலும் நிறுவனத்துக்குத் தெரியாது. போனின் மாடல், இயங்குதளப் பதிப்பு, லாக் இருக்கிறதா, பாதுகாப்பு உடைக்கப்பட்டிருக்கிறதா என்ற அளவுக்குத் தெரியும். நீங்கள் எந்த ஐபி முகவரியிலிருந்து (உங்கள் இணைய இணைப்பின் எண்) மெயிலுக்குள் நுழைந்தீர்கள் என்பது சர்வரில் பதிவாகும், அதிலிருந்து ஊரைத் தோராயமாக ஊகிக்கலாம். கணினியில் திறந்தாலும் இதேதான்.

கவனிக்க வேண்டியது விபிஎன், அதாவது இணையப் போக்குவரத்தை நிறுவனத்தின் வழியே கொண்டுபோகும் தனிப் பாதை. போன் முழுவதற்குமான அலுவலக விபிஎன் போடச் சொன்னால் உங்கள் சொந்த இணையப் போக்குவரத்தும் அந்த வழியே போகும். சொந்தப் போனில் அலுவலக ஆப்களுக்கு மட்டும் பொருந்தும் விபிஎன் போதும் என்று தயங்காமல் கேளுங்கள்.

போன் தொலைந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் அல்லவா? தூரத்திலிருந்தே அழிக்கும் ரிமோட் வைப் இருக்கிறதே.

இங்கே நிதானிக்க வேண்டும். ஆக்டிவ்சிங்கின் பழைய ரிமோட் வைப் கட்டளை, போனின் சொந்த மெயில் ஆப்பில் கணக்கு இருந்தால், போனையே புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மெயிலோடு படங்கள், குரல் பதிவுகள், காப்புப்பிரதி எடுக்காத எல்லாமும் போகும். இறந்துபோன பெற்றோரின் கடைசிக் குரல் அந்த போனில் மட்டும் இருந்திருக்கலாம். எந்த மெயிலும் அதற்கு ஈடாகாது. தொலைந்ததாக நினைத்த போன் சோபா இடுக்கில் கிடைப்பதும் அடிக்கடி நடப்பது.

கணக்கை மட்டும் அழிக்கும் கட்டளை 2016இல் ஆக்டிவ்சிங்க் 16.1 பதிப்போடு வந்தது. எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலும் எக்ஸ்சேஞ்ச் 2019இலும் இருக்கிறது, போனின் மெயில் ஆப்பும் அந்தப் பதிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அட்மின் திரையில் இரண்டு கட்டளைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் கை தவறும். முழுப் போன் அழிப்பை இருவர் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்று விதி வையுங்கள். சொந்தப் போன்களுக்கு அந்த உரிமையே இல்லாத முறையைத் தேர்ந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று: வைப் கட்டளை போன் இணையத்தோடு தொடர்பு கொண்டால்தான் போய்ச் சேரும். திருடியவர் சிம்மைக் கழற்றி, வைஃபையும் இல்லாமல் வைத்திருந்தால் கட்டளை சர்வரிலேயே காத்துக் கிடக்கும். அந்த இடைவெளியில் மெயிலைக் காப்பது போனின் லாக்கும் குறியாக்கமும்தான். பின் எண் கட்டாயம் என்ற விதியை ஊழியர்கள் தொல்லையாக நினைத்தாலும் நான் விட்டுக்கொடுக்காததற்கு இதுவே காரணம். லாக் திரையில் மெயிலின் வாசகம் தெரியாதபடி அறிவிப்பை அமைப்பதும் இதோடு சேர்ந்தது. பூட்டிய போனிலும் ஓடிபி எண்ணும் ஒப்பந்தத் தொகையும் பளிச்சென்று தெரிந்தால் பின் எண் எதற்கு?

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். எந்த வரிசையில் செய்வது?

வரிசை முக்கியம். ஆக்டிவ்சிங்க் வழியாக அழிப்பதாக இருந்தால் கட்டளையை முதலில் அனுப்பி, போனிலிருந்து உறுதி வந்த பின் கணக்கை முடக்குங்கள். கடவுச்சொல்லை முதலில் மாற்றினால் போன் சர்வருக்குள் நுழையவே முடியாது, கட்டளையும் அதற்குப் போய்ச் சேராது, பழைய மெயில்கள் போனிலேயே தங்கிவிடும். எம்டிஎம் தனி வழியில் பேசுவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. அணுகலை உடனே துண்டித்தே ஆக வேண்டிய சூழல் என்றால் உறுதிக்காகக் காத்திருக்க வேண்டாம், முடக்கிவிடுங்கள்.

கணக்கை முடக்கியதும் எல்லாம் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். இன்றைய ஆப்கள் கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதில்லை, உள்நுழைவுச் சீட்டாக ஒரு டோக்கனை வைத்திருக்கின்றன. ஏற்கெனவே கொடுத்த டோக்கன் காலாவதியாக ஒரு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகலாம். எனவே முடக்குவதோடு, திறந்திருக்கும் அமர்வுகளை ரத்து செய்யும் பொத்தானையும் அழுத்துங்கள். கூடுமானவரை இதை அவரை உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே, அவர் போனில் செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்குத் தர வேண்டிய மரியாதை அது.

எந்த மெயில் ஆப்பை வேண்டுமானாலும் பயன்படுத்த விடலாமா?

கூடாது. சில ஆப்கள் மெயிலை நேராக உங்கள் சர்வரிலிருந்து எடுப்பதில்லை. கடவுச்சொல்லைத் தம் சொந்த சர்வரில் வைத்துக்கொண்டு, மெயிலை அங்கே இறக்கி, பிறகு போனுக்கு அனுப்புகின்றன. பெரிய பெயருள்ள ஆப்பும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரியில் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அவுட்லுக் வெளியானபோது அப்படித்தான் வேலை செய்தது. அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தொழில்நுட்பப் பிரிவு தன் உறுப்பினர்கள் அதைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அந்த அமைப்பை மாற்றியது. ஆகவே ஓரிரு ஆப்களைப் பெயர் சொல்லி அனுமதித்து, மற்றவற்றை மூடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியுமா?

ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் முடியும். இன்னொரு போனால் திரையைப் படம் எடுப்பதை எங்கும் தடுக்க முடியாது. திருட முடிவு செய்துவிட்டவரை நிறுத்துவதற்கானவை அல்ல இந்தக் கருவிகள். தொலைந்த போன், தவறான ஆப், கவனமின்மை ஆகியவற்றுக்கானவை.

எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் எது?

தொடர்பு எண்கள். மெயில் ஆப், நிறுவன முகவரிப் புத்தகத்தைப் போனின் காண்டாக்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பு திறந்திருந்தால், வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் அங்கே போய்விடும். அதன்பின் காண்டாக்ட் அனுமதி பெற்ற எந்த விளையாட்டு ஆப்பும் அவற்றைப் படிக்கலாம். அழைப்பு வரும்போது பெயர் தெரிய வேண்டும் என்று ஊழியர்கள் கேட்பார்கள், அது நியாயமான தேவை. பெயரும் எண்ணும் மட்டும் போகும்படி, முகவரியும் குறிப்புகளும் போகாதபடி அமைக்க வழி இருக்கிறதா என்று உங்கள் ஆப்பில் பாருங்கள்.

பழைய போன் வைத்திருப்பவர்களை என்ன செய்வது?

பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்பதே அளவுகோல். வரவில்லை என்றால் மெயில் கூடாது. ஆனால் இது பெரும்பாலும் குறைந்த சம்பளக்காரர்களைத்தான் பாதிக்கும். அவர்களுக்கு மெயில் வேலைக்குத் தேவை என்றால் நிறுவனம் போன் தர வேண்டும், அல்லது இணைப்பை இறக்க முடியாதபடி பிரவுசரில் மட்டும் பார்க்கும் வசதி தரலாம்.

எம்டி தனக்கு மட்டும் விதி வேண்டாம் என்கிறார்.

மிகக் கனமான மெயில்கள் இருப்பது அவர் போனில்தான், ஏமாற்று மெயில்களும் அவரைத்தான் முதலில் குறிவைக்கும். இதை மற்றவர் முன் சொல்லாமல் தனியே சொல்லுங்கள். அவர் போனில் முதலில் அமைத்துவிட்டு மற்றவர்களிடம் போனால் எதிர்ப்பு பாதியாகும்.

ஊழியரிடம் கையெழுத்து வாங்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நிறுவனம் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது, எதை எப்போது அழிக்கும், அழிக்கும் முன் யார் அழைத்துச் சொல்வார், போன் தொலைந்தால் எந்த எண்ணுக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இவ்வளவும் அவர் பேசும் மொழியில் இருக்க வேண்டும். தொலைந்ததைச் சொன்னதற்காக யாரையும் தண்டிக்க மாட்டோம் என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். பயந்துபோய் இரண்டு நாள் கழித்துச் சொல்லும் ஊழியரால் வரும் ஆபத்து, தொலைந்த போனால் வருவதை விடப் பெரிது.

எதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால்?

அது அவர் உரிமை. அவர் போனில் மெயில் இருக்காது, அவ்வளவுதான். அலுவலகக் கணினியில் வேலை நேரத்தில் பார்ப்பார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக்கூடத் தன் போனைத் தர விரும்பாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் சிறிய பாதுகாப்புச் சாவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். குறுஞ்செய்தி எண்ணை விட அது உறுதியானதும்கூட. அவர் மறுத்ததை மதிப்பீட்டுப் படிவத்தில் குறையாக எழுதக் கூடாது என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.